போர் போடுவது, போர் அடிப்பது: ஒரு சொல்லுக்குள் எத்தனை துளை

நிலத்தில் துளை போடுகிற திருச்செங்கோட்டு ரிக் லாரி ஒன்று தோட்டத்துக்குள் நுழைகிறது. “இன்னைக்குப் போர் போடறாங்க” என்கிறார் தோட்டத்துக்காரர். களத்தில் சோளத்தட்டை அடுக்கிக்கொண்டிருப்பவரும் “போர் போட்டுட்டு வந்தர்றனுங்க” என்கிறார். வாசலில் உட்கார்ந்திருக்கும் பொடியனுக்குப் போர் அடிக்கிறது. உள்ளே டிவியில் எங்கோ ஒரு நாட்டில் போர். இந்த நாலில் இரண்டு தமிழ், இரண்டு ஆங்கிலம். எழுதினால் நாலும் ஒரே ‘போர்’தான்.

கேட்கிற யாரும் குழம்புவதில்லை. ஆனால் ஆங்கிலம் படிக்கிற பிள்ளைகளும், செல்போனில் மொழிபெயர்த்துப் பார்ப்பவர்களும் இங்கே சறுக்குகிறார்கள். ‘போரில் தண்ணீர் வரவில்லை’ என்று தட்டினால் யுத்தகளத்தில் தண்ணீர்ப் பஞ்சம் என்று இயந்திரம் புரிந்துகொள்ள முழு வாய்ப்பு உண்டு. அதனால் பி-ஓ-ஆர்-இ என்ற அந்த ஆங்கிலச் சொல்லை ஒருமுறை பிரித்துப் பார்த்துவிடலாம்.

முதலில் ஒலி. தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு ‘வைக்கப்போரு’ என்று சொல்லுங்கள். ‘போ’வைத் தொடங்கும்போது உதடு மூடியிருக்கிற கணத்தில் தொண்டை சும்மா இருக்கும். அடுத்து ‘போர்வெல்’ என்று சொல்லுங்கள். உதடு திறப்பதற்கு முன்பே தொண்டை அதிரும். யுத்தமும் வைக்கோல் குவியலும் முதல் வகை, அதாவது ‘பல்’லில் வருகிற ப. கிணறும் சலிப்பும் இரண்டாம் வகை, ‘பஸ்’ஸில் வருகிற ப. காது இரண்டையும் பிரித்துவிடுகிறது. எழுத்தில் ஒரே ப என்பதால் கண்ணுக்கு அந்த வசதி இல்லை.

கண்ணுக்கு உதவுவது பக்கத்தில் நிற்கிற வினைச்சொல். போர் மூண்டது, போர் தொடுத்தான் என்றால் யுத்தம்; அது ‘பொருதல்’ என்ற வினையிலிருந்து வந்தது. போரில் வைக்கல் புடுங்கினான் என்றால் குவியல். அடித்தால் சலிப்பு. போட்டால் மட்டும் தட்டுப்போரா, தண்ணிப்போரா என்று இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வேடிக்கை என்னவென்றால், ‘போரடித்தல்’ என்பது பழைய தமிழிலேயே உண்டு. அறுத்த கதிரைக் களத்தில் போட்டு, மாடு விட்டு மிதிக்கவைத்து நெல்லைப் பிரிப்பதற்கு அதுதான் பெயர். மாடு கட்டிப் போரடித்தால் மாளாது என்று ஆனை கட்டிப் போரடித்த ஊர் என மதுரையைப் புகழ்கிற பழைய வழக்கைக் கேட்டிருப்பீர்கள். அந்த யானைக்குச் சலிப்புத் தட்டியதாக நினைத்துக்கொள்கிற பிள்ளைகள் இன்றைக்கு உண்டு. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. களம் அடிக்கிற வேலையையே அவர்கள் பார்த்ததில்லை.

ஆங்கிலத்தில் அது ஒரு சொல் அல்ல

ஆங்கிலத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலுக்குள் வெவ்வேறு வழியில் வந்த சொற்கள் ஒண்டிக்கொண்டிருக்கின்றன. மூத்தது, துளையிடுதல். பழைய ஆங்கிலத்தில் ‘போரியன்’ என்று இருந்தது. ஜெர்மனில் ‘போரென்’, டச்சில் ‘போரன்’, ஸ்வீடிஷில் ‘போர்ரா’ எல்லாம் இதே குடும்பத்து அண்ணன் தம்பிகள், எல்லாவற்றுக்கும் துளை போடுவதுதான் பொருள். லத்தீனில் ‘ஃபொராரே’ என்று இருப்பதும் தூரத்துச் சொந்தம். நோட்டுப் புத்தகத்தில் கிழிக்க வசதியாக வரிசையாகத் துளை போட்டிருப்பதை ‘பெர்ஃபொரேஷன்’ என்கிறோமே, அது அந்த வழியில் வந்தது.

சலிப்பூட்டுவது என்ற பொருள் 1760-களில்தான் ஆங்கில எழுத்தில் தலைகாட்டுகிறது. எங்கிருந்து வந்தது என்பது முடிவாகவில்லை. மெல்ல மெல்ல, விடாமல் துளைத்துக்கொண்டே போகிற துரப்பணத்தைப் பார்த்து வைத்த பெயராக இருக்கலாம் என்பது ஒரு கருத்து. தமிழ்க் காதுக்கு அது நியாயமாகத்தான் படுகிறது. காரணத்தைப் பின்னால் பார்ப்போம்.

மூன்றாவது, கடல் ஓதம் ஏறும்போது ஆற்றின் வாய்க்குள் எதிர்த்திசையில் சுவர்போல எழுந்து வரும் அலை. கல்கத்தாப் பக்கம் ஹூக்ளி ஆற்றில் வருவது அதுதான். பவானிக்கும் நொய்யலுக்கும் கடலோடு பேச்சுவார்த்தை இல்லாததால் நமக்கு இந்தப் பொருள் தேவைப்படவே இல்லை. நாலாவது, ‘பேர்’ என்ற வினையின் இறந்தகாலம்: சுமந்தாள், பொறுத்தாள், பெற்றாள். கேள்வித்தாளில் ‘ஷி போர் தி பெயின்’ என்று வந்தால் வலி அவளுக்குச் சலிப்புத் தட்டியது என்று எழுதிவிடாதீர்கள்; வலியைப் பொறுத்துக்கொண்டாள். சத்தியமங்கலம் பக்கத்துக் காட்டோரத் தோட்டங்களில் கடலைக்காயைக் கிளறிவிட்டுப் போகிற காட்டுப்பன்றியின் ஆங்கிலப் பெயரும் காதுக்குப் போர்தான். ஆனால் அதற்கு எழுத்து வேறு: பி-ஓ-ஏ-ஆர்.

கொங்கில் போர் என்றால்

ஆங்கிலக்காரருக்கு போர் என்பது துளைக்கிற செயல், அல்லது துளையின் உட்குழிவு. கிணற்றுக்கு அவர் வேறு பெயர் வைத்திருக்கிறார்: இங்கிலாந்தில் ‘போர்ஹோல்’, அமெரிக்காவில் வெறும் ‘வெல்’. ‘போர்வெல்’ என்பது இந்திய ஆங்கிலம். நாம் அதன் வாலையும் வெட்டிவிட்டு, தலையையே மொத்தப் பொருளாக்கிவிட்டோம். “ரெண்டு கெணறு, மூணு போருங்க” என்று ஒருவர் தன் பூமியைப் பற்றிச் சொல்லும்போது, போர் என்பது துளை அல்ல, சொத்து. செய்தித்தாள் இதை ஆழ்துளைக் கிணறு என்கிறது, அரசாங்கக் காகிதம் ஆழ்குழாய்க் கிணறு என்கிறது. தோட்டத்தில் இரண்டையும் யாரும் சொல்லிக் கேட்க முடியாது.

“ஏனுங் மாமா, போர் எத்தனை அடிங்க?”

“ஆயரத்தி எரநூறு போயும் பொகைதான் மாப்ள.”

இந்தப் புகை என்ன? ரிக் வண்டியில் துளையைப் போடுவது அடியில் இருக்கிற ஹேமர். பக்கத்தில் நிற்கிற கம்ப்ரசர் லாரியிலிருந்து ராடு என்கிற இரும்புக் குழாய் வழியாகக் காற்று உள்ளே போகிறது. அந்தக் காற்றுதான் ஹேமரை அடிக்க வைக்கிறது, அதே காற்றுதான் நொறுங்கிய கல்லை மேலே ஊதித் தள்ளுகிறது. தண்ணீர் இல்லாத பாறை என்றால் காய்ந்த கல்மாவு புகையாக எழும்பி, பக்கத்துத் தென்னை ஓலையெல்லாம் வெள்ளை பூத்துவிடும். ஈரம் தட்டினால் புகை அடங்கும், பிறகு சேறாகத் துப்பும், பிறகுதான் தண்ணீர். கொங்கு நாட்டுக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் கெட்டிப் பாறை. அந்தப் பாறை தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளாது. அதில் இருக்கும் வெடிப்பில் மட்டுமே தண்ணீர் நிற்கும். வெடிப்பு சிக்காத போரில் இன்னும் 200 அடி போனாலும் புகைதான்.

ஆழத்தை யாரும் கயிறு விட்டு அளப்பதில்லை. ஒரு ராடு 20 அடி. இறங்கிய ராடை எண்ணினால் கணக்கு வந்துவிடும்: 30 ராடு என்றால் 600 அடி. கூலி அடிக்கணக்கு என்பதால், ராடு எண்ணுகிற இடத்தில் வீட்டு ஆள் ஒருவர் நின்றுகொண்டிருப்பது வழக்கம்.

‘ஆறரை போர்’, ‘நாலரை போர்’ என்பது துளையின் அகலம், அங்குலத்தில். 6½ என்பது சுமார் 165 மி.மீ., 4½ என்பது சுமார் 115 மி.மீ. அகலம் இரண்டு அங்குலம்தான் கூடுகிறது. ஆனால் வெளியே எடுக்க வேண்டிய கல் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல். 4.5-ஐ 4.5-ஆல் பெருக்கினால் 20.25, 6.5-ஐ 6.5-ஆல் பெருக்கினால் 42.25. கல் இரட்டிப்பதால் தண்ணீரும் இரட்டிக்கும் என்று நினைப்பது தப்பு. வெடிப்பு எவ்வளவு விடுகிறதோ அவ்வளவுதான் வரும். ஆறரையின் லாபம், பெரிய சப்மெர்சிபிள் மோட்டார் உள்ளே இறங்கும் என்பது. அதேபோல “ரெண்டு இஞ்ச் தண்ணிங்க” என்பதில் வரும் இஞ்ச் துளையின் அளவு அல்ல. வருகிற தண்ணீரின் அளவு. ஒரே பேச்சில் இரண்டு இஞ்சும் வரும், வெளியூர்க்காரர் தலையைச் சொறிவார்.

மேல்மண் முடிந்து பாறை தொடங்கும் வரை 7 அங்குல கேசிங் பைப் இறக்குவார்கள். அதன் அடி விளிம்பு நல்ல பாறையில் உட்கார வேண்டும். காசு மிச்சம் என்று இரண்டு பைப்பைக் குறைத்தால், பைப்புக்கும் பாறைக்கும் நடுவில் இருக்கிற மண் மழைக்காலத்தில் கரைந்து உள்ளே விழும்; மோட்டார் கலங்கல் இழுக்கும், ஒருநாள் சிக்கிக்கொள்ளும். துளை நேராக இறங்காமல் சாய்ந்துவிட்டாலும் இதே கதிதான். அப்போது “போர் கோணலுங்க” என்பார்கள். “போர் தூந்து போச்சு” என்றால் மண் விழுந்து அடைத்துவிட்டது. “போர் வத்திப் போச்சு” என்றால் துளை நன்றாக இருக்கிறது, தண்ணீர் இல்லை. மூன்றும் மூன்று கோளாறு. முதலாவதற்கு வைத்தியம் அபூர்வம், இரண்டாவதற்கு ஃப்ளஷிங், அதாவது காற்றை ஊதி மண்ணை வெளியே தள்ளுவது, செய்து பார்க்கலாம், மூன்றாவதற்கு மழை வேண்டும். கைவிட்ட போர் எதுவானாலும் அன்றைக்கே இரும்பு மூடி போட்டுப் பற்ற வைப்பதோ, மண் கல் போட்டு நிரப்புவதோ கட்டாயம். சாக்குப் பையைக் கட்டி, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டுப் போகிற வழக்கம் குழந்தைகளின் உயிரை வாங்கியிருக்கிறது.

பெரிய கிணற்றுக்குள் இறங்கி, பக்கச் சுவரில் படுக்கைவாட்டில் போடுவது ‘சைடு போர்’. அக்கம்பக்கத்து வெடிப்பில் இருக்கும் தண்ணீரைக் கிணற்றுக்குள் இழுக்கிற உபாயம் அது.

பட்டறையில் போர் ஒரு அளவு

கோயமுத்தூரில் பீளமேடு, கணபதிப் பக்கம் போனால் இந்தச் சொல் தன் ஆங்கிலப் பொருளோடு ஒட்டி நிற்கிறது. லேத்தில் ‘டிரில்’ வேறு, ‘போரிங்’ வேறு. முழுக்கட்டையில் புதிதாகத் துளை போடுவது டிரில். அந்தத் துளைக்குள் போரிங் டூலை விட்டு, சீவிச் சீவிச் சரியான அளவுக்குப் பெரிதாக்குவது போரிங். டிரில் துளையில் கொஞ்சம் கோணல் வருவது சகஜம். அதை மையத்துக்குக் கொண்டுவருவது போரிங். ஆக, துளையே இல்லாத இடத்தில் பட்டறைக்காரர் போரிங் செய்ய மாட்டார். தோட்டத்துக்காரர் செய்வார்.

பட்டறையில் ‘போர் எவ்வளவு?’ என்று கேட்டால் உள்விட்டத்தைக் கேட்கிறார்கள். 25 மி.மீ. ஷாஃப்ட்டில் மாட்டும் புல்லிக்கு எச்7 என்கிற வழக்கமான அளவு வரம்புக் கணக்கில் போர் 25.000-க்கும் 25.021-க்கும் நடுவில் நிற்க வேண்டும். அரை மில்லி கூடச் சீவிவிட்டால் புல்லி ஆடும், அதை ஷாஃப்ட்டோடு பூட்டுகிற கீ தேயும், பெல்ட் ஓரம் கிழியும். சீவின இரும்பை ஒட்டவைக்க முடியாதே. இன்னும் பெரிதாகச் சீவி உள்ளே புஷ் என்கிற வளையத்தை அடித்து, மறுபடி 25-க்குப் போரிங் செய்வதுதான் வழி. பேரிங் வாங்கும்போது ஒரு சின்னக் கணக்கு உதவும். அதன் எண் 6205 என்றால் கடைசி இரண்டு இலக்கத்தை 5-ஆல் பெருக்குங்கள்: போர் 25 மி.மீ. 6204 என்றால் 20. இந்தக் கணக்கு 04-லிருந்துதான் செல்லும். அதற்குக் கீழே 00 என்றால் 10, 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17 என்று மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.

இன்ஜினில் சிலிண்டரின் உள்விட்டமே போர். பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் ஸ்ட்ரோக். போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக் 49.5 மி.மீ. இருக்கிற வண்டிக்கு 97.2 சிசி, நாம் சொல்கிற நூறு சிசி வண்டி அதுதான். ஓடி ஓடிச் சிலிண்டர் தேய்ந்தால் ஆயில் மேலே ஏறி எரியும், சைலன்சரில் நீலம் பாய்ந்த புகை வரும். “வண்டி போருக்கு வந்துருச்சுங்க” என்பார் மெக்கானிக். சிலிண்டரை 0.25 அல்லது 0.50 மி.மீ. பெரிதாகச் சீவி, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது ரீபோர். அரை மில்லி ரீபோர் செய்தால் சிசி சுமார் 99 ஆகும். வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

ஷாட்கன் வகைத் துப்பாக்கியில் இந்த அளவு தலைகீழ். 12 போர் என்றால், அந்தக் குழலுக்குள் சரியாகப் போகிற ஈயக் குண்டு 12 சேர்ந்தால் ஒரு பவுண்டு. ஆகவே 20 போர் குழல் 12 போரைவிடச் சின்னது.

ஏன் ‘அடிக்கிறது’?

சலிப்புக்கு வருவோம். போர் ‘செய்கிறது’ என்றோ ‘ஆகிறது’ என்றோ சொல்லாமல் ஏன் ‘அடிக்கிறது’? வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது, நாற்றம் அடிக்கிறது. நாம் கேட்காமலேயே வந்து நம்மேல் விழுகிற பலவற்றுக்குத் தமிழ் ‘அடி’யைத்தான் கொடுக்கிறது. ஆங்கிலச் சொல் வந்ததும் அதையும் வெயிலோடும் காய்ச்சலோடும் சேர்த்து அதே வரிசையில் உட்கார வைத்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் மலையாளத்தில் ‘போரடிக்குன்னு’. திம்பம் ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் கன்னடத்தில் ‘போர் ஹொடெயுத்தெ’. ஹொடெ என்றாலும் அடிதான். தெலுங்கில் ‘போர் கொட்டு’. கொட்டு என்றாலும் அடிதான். நாலு மொழியும் அடித்துவைத்திருக்க, ஹிந்தி மட்டும் ‘போர் ஹோ ரஹா’ என்று ‘ஆகிறது’ போட்டுக்கொள்கிறது.

துளையிலிருந்து சலிப்பு வந்திருக்கலாம் என்பது தமிழ்க் காதுக்கு நியாயமாகப் படும் என்று மேலே சொன்னதற்குக் காரணம் ‘குடைச்சல்’. குடைதல் என்றால் துளைத்தல். ஓயாமல் தொந்தரவு செய்கிறவன் குடைச்சல் கொடுக்கிறான். கேள்வி மேல் கேள்வி கேட்பவர் துளைத்தெடுக்கிறார். சலிப்பூட்டும் பேச்சு அறுவை, பேசுகிற ஆள் ரம்பம், அவர் போடுவது பிளேடு. அடுத்த தலைமுறைக்கு அது மொக்கை. அதாவது கருவி மழுங்கியே போய்விட்டது. பட்டறைப் பெட்டியே காலி. பிரெஞ்சிலும் சலிப்பூட்டுவதற்கு ‘ராஸே’ என்று ஒரு பேச்சு வழக்கு உண்டு. நேர்ப்பொருள் சவரம் செய்வது. ஜெர்மானியர் மட்டும் கருவியைத் தொடவில்லை. அவர்களுக்குச் சலிப்பு ‘லாங்கவைல’, அதாவது நீண்ட பொழுது. நம்முடைய ‘பொழுது போகல’வுக்குப் பக்கத்து வீடு.

ஆங்கிலத்தில் பேசும்போது நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் செய்கிற தவறும் ‘எனக்குப் போரடிக்குது’விலிருந்துதான் பிறக்கிறது. அதில் ‘எனக்கு’ என்பது அடி வாங்குகிறவர். ஆங்கிலத்துக்குப் போனதும் ‘எனக்கு’ ‘ஐ’ ஆகிறது, ‘போரடிக்குது’ ‘போரிங்’ ஆகிறது. ‘ஐ ஆம் போரிங்’ என்று வந்து விழுகிறது. அதற்கு அர்த்தம், நான் ஒரு ரம்பம். இன்டர்வியூவில் சொல்லத் தகுந்த வாக்கியம் அல்ல. அடிக்கிறது எதுவோ அதற்கு ‘இங்’, அடி வாங்குவது யாரோ அவருக்கு ‘டி’: படம் போரிங், நான் போர்ட். இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் இல்லை. ஸ்பானிஷில் இரண்டுக்கும் ‘அபுரிதோ’ என்று ஒரே சொல். முன்னால் ‘எஸ்தார்’ வினை வந்தால் சலித்திருக்கிறான், ‘ஸேர்’ வந்தால் சலிப்பூட்டுகிற ஆள். அங்கேயும் பக்கத்து வினைதான் பஞ்சாயத்து. இன்னொன்று: போர்டுக்குப் பின்னால் ‘வித்’ அல்லது ‘பை’ போடுங்கள். ‘ஆஃப்’ இப்போது பேச்சில் பரவலாக இருக்கிறது, ஆனால் தேர்வுத்தாள் திருத்துகிறவர் சுழித்துவிடலாம்.

வேறு மொழிகளில் இதே ஒலி ஒரு உறவும் இல்லாமல் உட்கார்ந்திருப்பதும் உண்டு. ஹங்கேரியில் ‘போர்’ என்று கேட்டால் திராட்சை மது கொண்டுவந்து வைப்பார்கள். ஸ்வீடனில் ‘வசிக்கிறார்’. மராத்தியில் இலந்தைப்பழம். ஜப்பான் எழுத்தில் ‘போரிங்கு’ என்று எழுதினால் அது நிலத்தில் துளை போடுவதாகவும் இருக்கலாம், பந்தை உருட்டிக் கட்டையைச் சாய்க்கிற பௌலிங் ஆட்டமாகவும் இருக்கலாம். நம்முடைய ப மாதிரி அவர்களுக்கும் எழுத்தில் ஒரு நெருக்கடி.

திருப்பூர்க் கம்பெனிகளில் வேலை செய்கிற பீகார்க்காரரிடம் ‘போரிங்’ என்று சொன்னால் அவர் முதலில் தண்ணீரை நினைக்கக்கூடும். வட இந்தியாவில் பல இடங்களில் போர்வெல்லின் பெயரே ‘போரிங்’. ‘போரிங் கர்வாயா’ என்றால் போர் போட்டோம். பாட்னா நகரத்தில் போரிங் ரோடு என்றே ஒரு கடைவீதி இருக்கிறது. அங்கே கூட்டத்துக்குக் குறைவில்லை.